வளைவில் ஒரு பிளாட்பாரம்

என் கணவர் கண்ணபிரானுக்கு ரயில் பைத்தியம். கௌரவமாகச் சொல்வதானால் மாடல் ரயில்வே. திருப்பதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை போட்டு, அதன் மேல் தண்டவாளம், சிக்னல், குகை, ஸ்டேஷன் கட்டிடம் எல்லாம் வைத்திருக்கிறார். பிளாட்பாரம் மட்டும் இல்லை. பலகையில் இடம் போதாமல் ஸ்டேஷன் வளைவில் வந்து விழுந்துவிட்டது. கடையில் கிடைக்கிற பிளாட்பாரமெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. வளைத்தால் ஒடிகிறது.

நான் கட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். கோலம் போடுகிற மாதிரி இல்லை இது என்றும் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர் நான். ரயிலை விட்டு இறங்கி வருகிற ஜனங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். பிளாட்பாரம் என்றால் என்னவென்று எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் சித்தூரிலிருந்து ரயில் ரசிகர் குழு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் மானம் போகக்கூடாது. பிளாட்பாரம் சரியாக அமையாவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் வெறும் பலகையைக் காட்டுவேன் என்றார் இவர். நானும் வீம்புக்குச் சரி என்றேன்.

ஆடி மாதம் முழுக்க அதே வேலை. லாட்ஜிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். வளைவின் உள்பக்கத்துக்கு ஏற்றபடி சன்போர்டை, அந்த லேசான நுரைப் பலகையை, வெட்டினேன். தளத்துக்கு உப்புத்தாள் ஒட்டிச் சாம்பல் வர்ணம் அடித்தேன். ஓரத்து மஞ்சள் கோட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. கூரைக்குத் தூண் ஊதுவத்திக் குச்சி. பிறகு ஆட்கள். இவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த பொம்மைகள் கோட்டும் தொப்பியுமாக நின்றன. திருப்பதி ஸ்டேஷனில் தொப்பிக்கு என்ன வேலை? ஒவ்வொன்றையும் சுரண்டி எடுத்து, மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிவிட்டேன். ஒரு கோட்டுக்காரருக்கு வேட்டி கட்டினேன். கையிலே லட்டுப் பை. பார்த்தவுடன் இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு.

இதற்கு நடுவில்தான் புதுப் பெட்டிகள் வந்தன. சித்தூர்க்காரர்கள் முன்னால் ஓட்டுவதற்கென்றே இவர் சொல்லி வைத்து வாங்கிய நீளமான எக்ஸ்பிரஸ் பெட்டிகள். அளவு பார்க்க ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"ஆடியில புதுசு எதையும் பிரிக்கப்படாது" என்றார்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு அவர்கள் ஆடியான ஆஷாடம் அமாவாசையோடு முடிந்து ஸ்ராவணம் பிறந்து, அவர்கள் புது வண்டியே வாங்கி நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஆடி உட்கார்ந்திருந்தது. கோயில் கைங்கரியக் குடும்பம்; ரயில் பெட்டிக்கும் நாள் பார்ப்போம். சரி போகட்டும் என்று பழைய பெட்டிகளை வைத்தே அளவு எடுத்தேன். அவை உரசாமல் அழகாகப் போயின. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆவணி பிறந்தது. குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பெருமாளுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு இவர் பெட்டிகளைப் பிரித்தார். இன்ஜினுக்குக் குங்குமம் வைத்தார். வண்டி கம்பீரமாகக் கிளம்பி வளைவுக்குள் வந்தது. இன்ஜின் தாண்டியது. முதல் பெட்டியின் நடுவயிறு போய் என் பிளாட்பாரத்தில் கரகரவென்று உரசியது. பெட்டி சாய்ந்து தடம் புரண்டது. மொட்டைத் தலைக்காரர் இருவர் தண்டவாளத்தில் விழுந்தார்கள்.

நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். பழைய பெட்டிகள் குட்டை என்பதால் எங்கள் இருவருக்குமே அது தெரியாமல் போயிற்று. இவர் பெட்டியின் கீறலைத் துடைத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள், எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மாத வேலை. எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. ஞாயிறு வரைக்கும் அதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணால் பார்த்து வெட்டினால் மறுபடியும் தப்பு வரும். பெட்டியே தனக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்று சொன்னால்தான் சரி. பிளாட்பாரத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டினேன். பூஜை அலமாரியிலிருந்து நாமக்கட்டி ஒன்றை எடுத்துச் சன்னமாகச் சீவி, அதன் நுனி தாளைத் தொடும்படி பெட்டியின் நடுப்பக்கத்தில் கட்டினேன். இவர் பதறிக்கொண்டு வந்தார். பெருமாள் வஸ்துவை இதற்கா எடுப்பார்கள் என்றார்.

"தினம் உங்க நெத்தியில கோணாம கோடு போடறதோல்லியோ, இங்கயும் போடட்டும்" என்றேன்.

பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடு வளைந்து விழுந்தது. நான் வெட்டி வைத்திருந்த ஓரத்தைவிட நன்றாக உள்ளே தள்ளியிருந்தது. அந்தக் கோட்டிலிருந்து ஒரு கடுகு இடம் விட்டுப் பிளாட்பாரத்தை மறுபடி வெட்டினேன். மஞ்சள் ஓரத்தைப் புதிதாக ஒட்டினேன். விழுந்தவர்களை எழுப்பி நிறுத்தினேன். புதுப் பெட்டிகளை ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. இவர் இன்னொரு தடவை ஓட்டினார். அப்புறமும் ஓட்டினார். பிடுங்குகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்றும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. அதன் தலைவர் வேதாச்சலம் சரக்கு ரயிலில் கார்டு. இவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் போட்ட தண்டவாளம், நான் வைத்த சிக்னல், நான் குடைந்த குகை என்று எல்லாம் 'நான்'தான். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். என் பிளாட்பாரமும் அந்த 'நானு'க்குள் போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. வேதாச்சலம் முட்டி போட்டு உட்கார்ந்து பிளாட்பாரத்துக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாக வளைந்து, ஓரத்தைத் தொடாமல், அவ்வளவு நெருக்கமாகப் போயின. நடுவில் வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தது. வண்டி முழுக்கப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், நானும் வூட்ல இப்டி வளைவுல கட்டிப் பாத்தேன். ஒரசிக்கினே இருந்துச்சி, பிச்சிப் போட்டுட்டேன். நீங்க எப்டி சார் கட்டுனீங்க?"

இவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் கட்டலை. பிடுங்கிப் போடணும்னு சொன்னவன் நான். அது பூமாவோட ஸ்டேஷன். அவளையே கேளுங்கோ" என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். துளிகூட இல்லை. பெருமையாக இருந்தது, அவ்வளவு பெருமையாக இருந்தது. முன்னால் போய் உட்கார்ந்து சன்போர்டிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில், வந்தவர்களுக்குக் காபி கொடுக்கவில்லையே என்று எழுந்தேன். நீ சொல்லிக்கொண்டிரு என்று என்னை உட்கார வைத்துவிட்டு இவர் கீழே போனார். காபி வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார். ஒருவரும் அதைச் சொல்லவில்லை; எல்லோரும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.