இருபத்துநான்கு ஈட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகியும் அவள் கடைக்குச் சொல்லிவைத்த பொம்மை ஈட்டிப் பொட்டலம் வந்து சேரவில்லை.

தையற்கூடத்தில் துணி வெட்டும் வேலை பார்ப்பவளுக்கு அது சின்ன விஷயமில்லை. கட்டைவிரல் உயரமே உள்ள அந்தக்காலப் போர்வீரர் பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி மோதும் விளையாட்டு. அவளும் அவள் கொழுந்தனும் ஒரே சங்கத்தில் நான்கு வருடமாக ஆடுகிறார்கள். நான்கு வருடமும் அவன் குதிரைப்படை அவள் காலாட்படையை மிதித்துத் துவைத்துவிட்டது. குதிரையை நிறுத்த நீள ஈட்டி வேண்டும். பொம்மையின் கையில் எது இருக்கிறதோ அதுதான் ஆயுதம் என்பது சங்கத்து விதி. அவளுடைய இருபத்துநான்கு பேர் கையிலும் இருந்தது குட்டை வாள்.

"வாளோடவே வாங்க அண்ணி. பழகின தோல்விதானே!" என்று போனில் சிரித்தான் கொழுந்தன். மருந்துக்கடை வைத்திருப்பவன். பொம்மையோ ஆயுதமோ, பெட்டி பிரிக்காத சரக்காகத்தான் வாங்குவான்.

அவளுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு வீட்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பல்குத்தும் குச்சியைக் கொடுத்துப் பார்த்தாள். வீரன் உலக்கை தூக்கியவன் மாதிரி நின்றான். துடைப்பத்து நார் தலை தொங்கிப்போனது. கடைசியில் தன் தையல் பெட்டியிலிருந்த நீளக் குண்டூசிதான் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

நகவெட்டியால் வாள்களை நறுக்கினாள். பென்சில் கட்டையில் ஊசியைச் செருகி, பிளாஸ்டிக் முஷ்டிகளில் திருகித் திருகித் துளை போட்டாள். முதல் மூன்று முஷ்டிகள் பிளந்துவிட்டன. பசை தடவி, மேலே ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவியதும் கல்லாக இறுகின. அரத்தால் ராவிச் சரிசெய்தாள். ஈட்டி முனைக்குத் தகடு வேண்டுமே? பேருந்து ஓட்டும் கணவனின் மூட்டுவலிக் களிம்பு இருந்த அலுமினியக் குழாய் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை மதியம் அவன் அலமாரியைக் குடைந்தான். "என் களிம்பு எங்க?"

"அந்தக் கிண்ணத்துல இருக்கு."

"குழாய்?"

"போருக்குப் போயிருச்சு."

அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் தகட்டை இரண்டாக மடித்து, நடுவில் ஊசியை வைத்து ஒட்டி, நெல்மணி அளவில் இலைபோலக் கத்தரித்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

"உன் கை துணிக்குத்தான்னு நினைச்சிருந்தேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் படையை இறக்கியதுமே கொழுந்தன் குறுக்கே விழுந்தான். "இது கம்பெனி சரக்கே இல்ல. செல்லாது!"

நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஒரு வீரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கினீங்கம்மா?"

"வாங்கல சார். வீட்ல கிடந்ததை வச்சு நான் செஞ்சேன்."

"கம்பெனிதான் செய்யணும்னு விதியில எங்கயும் இல்லையே. கையில ஈட்டி இருக்கு. அது போதும். ஆடுங்க."

கொழுந்தன் உதட்டைச் சுழித்துக்கொண்டு பத்துக் குதிரைகளையும் ஒரே மூச்சில் ஏவினான். விதிப்படி நீள ஈட்டிக்குத்தான் முதல் அடி. அவள் பகடையை உருட்டினாள். ஏழு குதிரைகள் சாய்ந்தன. மிச்சம் மூன்றும் அடுத்த சுற்றைத் தாண்டவில்லை.

கொழுந்தன் ஒரு வீரனை மெதுவாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். முகம் மாறியது.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா! எங்க அண்ணி செஞ்சதைப் பாருங்க! ஊசிடா, வெறும் குண்டூசி!"

தானே செய்தது போல அவன் பீற்றிக்கொண்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆட்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். யார் செய்தது, யார் செய்தது என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தபோதெல்லாம், கொழுந்தன் வாய் திறக்கும் முன்பே, தலை நிமிர்ந்து அவளே சொன்னாள்: "நான்தான்."