எண்ணூறு என்றால் எவ்வளவு

முந்தின நாள் அவள் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருந்ததைக் காலையில் காணவில்லை. செயின் பிளாக்கின் உடம்பெல்லாம் புது நீலம். ஏணியில் ஏறி விரலால் தொட்டாள், ஈரம்.

"யார் பூசினது?"

கொழுந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான் அண்ணி. 'இது பவுண்டு, கிலோ இல்லை'ன்னு பட்டறைக்கு நடுவுல தொங்கவிட்டா, வர்றவன் எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். இது பட்டறையா, பள்ளிக்கூடமா?"

இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை அது. உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக்கின் கொக்கியில் இயந்திரத்தை மாட்டி, சங்கிலியைக் கையால் இழுத்துத் தூக்குவார்கள். ஒரு மூலையில் அவள் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவாள். தூக்குவதும் இறக்குவதும் அவள் கணவர் பொறுப்பு. மனிதர் அப்படியொரு கவனக்காரர். தராசில் ஏற்றாமல் எதையும் தூக்கமாட்டார். வருடம் ஒருமுறை பட்டறையில் இருக்கும் அத்தனைக்கும் தன் கையாலேயே நீலம் பூசுவார். செயின் பிளாக் தாங்கும் எடையைக் காட்டும் '1000' என்ற எண் மறையாதபடி, அதன் மேல் பட்ட நீலத்தை மட்டும் துணியால் துடைத்து எடுத்துவிடுவார். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது பவுண்டு. அது நீலத்துக்கு அடியில் போய்ப் பல காலமாகிவிட்டது. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. "எவ்வளவு?" என்பார்கள். "ஐந்நூறு" என்பார்கள். பேச்சு அதோடு சரி. தராசும் பவுண்டாக இருந்தவரை அது போதுமாகத்தான் இருந்தது.

புது இயந்திரங்கள் எல்லாம் கிலோவில் வரத் தொடங்கியபோது, தராசையும் மாற்றுங்கள் என்று அவள்தான் நச்சரித்தாள். தராசு மாறியது. தலைக்கு மேல் தொங்கியது மாறவில்லை. ஒரு நாள் தராசருகே நின்ற கொழுந்தன் "எண்ணூறு" என்று குரல் கொடுத்தான். அவர் அண்ணாந்து ஆயிரத்தைப் பார்த்தார். தாங்கும் என்று இழுத்தார். ஆயிரம் பவுண்டு என்பது ஐந்நூறு கிலோகூட இல்லை. கொக்கி வாயைப் பிளந்தது; இயந்திரம் அவர் மேலேயே விழுந்தது.

அவருடைய காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவள் அந்த நீலத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

கொக்கி பழசு, அதுதான் காரணம் என்று விசாரிக்க வந்தவர்களும் சொன்னார்கள்; கொழுந்தனும் அதையே பிடித்துக்கொண்டான். புதுக் கொக்கி மாட்டி அதே செயின் பிளாக்கை மறுபடி தொங்கவிட்டான். இத்தனை நாளும் சின்னச் சின்ன வேலைகளாக வந்ததால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்று மரமில்காரர் லாரியோடு வந்து நிற்கிறார். லாரியிலிருந்து பலகை வழியாக இறக்கிய இயந்திரம் தராசின் மேல் உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு?" என்றார் மில்காரர்.

"எழுநூறு" என்றான் கொழுந்தன், கொக்கியைக் கீழே இறக்கியபடி.

"எழுநூறு என்ன?" என்று அவள் கேட்டாள்.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா!" மில்காரர் சிரித்தார். "ஏம்மா, ஒரு கிலோ வெங்காயம் வாங்கினா என்ன, ரெண்டு பவுண்டு வாங்கினா என்ன? சட்டிக்கு வித்தியாசம் தெரியுமா? என் வீட்டுக்காரிக்கு இன்னும் கிலோமீட்டர்னா என்னன்னே தெரியாது. ஊரெல்லாம் சுத்திட்டுப் பத்திரமா வீட்டுக்கு வந்துடறா."

"அவங்களை இதுல கட்டித் தூக்கலையே."

லாரி ஓட்டுநர் களுக்கென்று சிரித்துவிட்டு, மில்காரர் முறைத்ததும் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

கொழுந்தன் இயந்திரத்துக்குக் கயிறு சுற்றினான். அவள் தராசில் ஏறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இயந்திரத்தின் தலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி! என்ன இது? இறங்குங்க!"

"தூக்குப்பா. வித்தியாசம் ஒண்ணும் இல்லைன்னுதானே சொல்றே? என்னையும் சேர்த்துத் தூக்கு. நான் எத்தனை பவுண்டுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

"உங்க பிடிவாதத்துலதான் எல்லாம் வந்துச்சு!" அவன் குரல் உடைந்தது. "கிலோ தராசு வேணும்னு யார் நின்னது? எல்லாம் பவுண்டாவே இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பார்."

"ஆமா. எல்லாம் கிலோவா இருந்திருந்தாலும் இருந்திருப்பார். பாதியில விட்டோம் பாரு, அதுதான் அவரைக் கொண்டுபோச்சு. இன்னும் அந்தப் பாதியிலதான் நிக்கிறோம். அதை நீ நீலம் பூசி மூடறே."

அவன் சங்கிலியைப் பிடித்தபடியே அவளருகில் வந்தான். பிறகு மில்காரருக்குக் கேட்காத அளவில் சொன்னான்: "கொக்கி பழசுன்னே இருக்கட்டும் அண்ணி. இல்லைன்னா... எண்ணூறுன்னு சொன்னது என் வாய்தானே?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை நாள் இவன் தன்னோடு மல்லுக்கு நின்றது எதற்கு என்று. அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அழவில்லை.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலை தம்பி. அவரும் தப்பாப் பார்க்கலை. ரெண்டு பேரும் சரியாத்தான் இருந்தீங்க. எனக்கு வயிறு எரியறதே அதுக்குத்தான். உனக்காக இதை மூடி வைக்க மாட்டேன். யாருக்காகவும் மாட்டேன்."

அவன் சங்கிலியை விட்டான். மில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடிவா என்ன சொல்றீங்க? நாலு கடை தள்ளி ஒருத்தன் இருக்கான். ஒரு பேச்சு பேசாம தூக்கிடுவான்."

"இங்கே தூக்க முடியாது. கிலோ போட்ட புது செயின் பிளாக் வந்த பிறகுதான் இந்தப் பட்டறையில எதையும் தூக்குவோம்" என்று சொல்லி இறங்கினாள்.

உருளைகள் வைத்து, பலகை வழியாக, இயந்திரத்தை மறுபடி லாரியில் ஏற்றினார்கள். அவளும் தோள் கொடுத்துத் தள்ளினாள். மில்காரர் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

லாரி நகர்ந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.

"எங்கே போறீங்க?"

"நாலு கடை தள்ளி."

"அவன் கண்டபடி பேசுவான் அண்ணி."

"பேசட்டும். எனக்கும் வாய் இருக்கு."

தெருவில் நின்றவர்கள் லாரியையும் பின்னால் போகும் அவளையும் பார்த்துத் தங்களுக்குள் கண் ஜாடை காட்டிக்கொண்டார்கள். அவள் போனபோது இயந்திரத்தைப் பட்டறைக்குள் இறக்கியிருந்தார்கள்; அந்தப் பட்டறைக்காரர் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் தொங்கியது பச்சை. மேன்மேலும் பூசித் தடித்துப் போன பச்சை.

"இது கிலோவா, பவுண்டா?" என்றாள்.

"எதுவா இருந்தா என்னக்கா? என் அப்பா காலத்துலேர்ந்து தூக்குது."

"ஏணி எங்கே இருக்கு?"

அவர் சிரித்தார். மில்காரரைப் பார்த்து, இது என்னடா வம்பு என்பதுபோலக் கையை விரித்தார். அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் ஏணி சாய்ந்திருந்தது. யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில், அந்தப் பச்சைக்கு நேர் கீழே நிறுத்தினாள்.