கத்தரிப்பூ நிறக் கவுன்

எங்கள் பக்கம், தபாலிலேயே துணிமணி விற்கும் சிகாகோ கம்பெனியின் கேட்லாக் வருடத்துக்கு இரண்டு முறை வரும். புதியது வந்ததும் முன்னறை மேசையில் ஏறிக்கொள்ளும். பழையது பிள்ளைகளிடம் போகும். அவர்கள் அதிலிருக்கும் சீமான்களையும் சீமாட்டிகளையும் கத்தரித்தெடுத்துக் காகிதக் குடும்பம் நடத்துவார்கள். மிச்சம், துடைக்கிற காகிதமாகக் கொல்லைக் கக்கூஸில் ஆணியில் தொங்கும். வழவழப்பான பக்கங்கள் அங்கே ஒன்றுக்கும் உதவாது என்பது நெப்ராஸ்கா முழுக்கத் தெரிந்த சங்கதி.

ஓரின் ஹாஸ்கெல்லுக்கு இரண்டாம் தாரமாக நான் அந்தப் பண்ணை வீட்டுக்கு வந்தபோது, அவருடைய ஏழு வயது மகள் வெர்லாவிடம் அப்படி ஒரு காகிதப் பெண் இருந்தாள். வெர்லாவின் அம்மா கோரா முந்தைய குளிர்காலத்தில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்திருந்தாள். மற்ற காகித ஆட்களையெல்லாம் டப்பாவில் போட்டு வைத்த குழந்தை, இவளை மட்டும் கையைவிட்டு இறக்கவில்லை. முகமும் உடையும் தேய்ந்து, இடுப்பில் வைத்த கை மட்டும்தான் தெரியும். வெர்லா மாவுப் பசை எடுத்து அவள் முதுகில் ஒட்டுக்கு மேல் ஒட்டாகக் காகிதம் ஒட்டுவாள். பிறகு அந்த முதுகு அடுப்பைப் பார்க்கும்படி சாய்த்து வைப்பாள். டிசம்பருக்குள் காகிதப் பெண் ஒரு பிஸ்கட் கனம் ஆகிவிட்டாள்.

குழந்தை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் பொறுமைசாலி அல்ல. அம்மா என்று வேண்டாம், ‘ஏய்’ என்றாவது கூப்பிட்டுத் தொலைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவளோ சத்தமில்லாமல் என் பின்னால் வந்து நின்று என் முதுகையே பார்ப்பாள். ஒரு காலை நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு சில்லிட்ட விரல் கோடு இழுத்தது. திரும்பினால் அவள். என்னடி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். அதன்பிறகு தனியாக இருக்கும்போதும் முதுகில் அந்த இடம் குளிர்ந்துகொண்டே இருந்தது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பயந்தேன். அந்த வீட்டில் என் முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரப் பழகிக்கொண்டேன்.

பிப்ரவரியில் புதிய கேட்லாக் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெர்லாவைப் பக்கத்தில் உட்கார்த்தி, எனக்கு ஈஸ்டருக்கு ஒரு கவுன் வேண்டும், நீயே எடுத்துக் கொடு என்றேன். யோசிக்கவே இல்லை அவள். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், இடுப்பில் கை வைத்து நின்ற ஒரு சீமாட்டியின் படத்தில் விரலை வைத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் க்ரேப் துணி, தாழ்ந்த இடுப்பு, லேஸ் காலர், முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை முத்துப் பொத்தான்.

அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையை அவளே பிடித்தாள். நான் அளவை எழுதப்போனபோது முகம் சுளித்தாள்.

“இன்னும் சின்னதா எழுதுங்க.”

“சின்னதா எழுதினா நான் சின்னதாயிடுவேனாடி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே ஒரு அளவு குறைத்து எழுதிவிட்டு, தையல் பிரிந்ததும் கம்பெனியைத் திட்டுகிறவர்கள். குழந்தையும் அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையான அளவையே எழுதினேன். அன்று பாத்திரம் கழுவும்போது பாடினேன். எனக்கென்று அவள் ஒன்று எடுத்துக்கொடுத்துவிட்டாள் அல்லவா.

ஈஸ்டர் அன்று அதைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். ஓரின் ஒரு தடவை பார்த்தார். வெளியே போய்க் கைப்பிடியைச் சுழற்றி ஃபோர்டு வண்டியைக் கிளப்பினார். ஆண்களுக்கு உடை எங்கே கண்ணில் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. நான் நுழைந்ததும் கரண்டிச் சத்தம் நின்றது. பக்கத்துப் பண்ணை மின்னா டால்கே உருளைக்கிழங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

“ஏம்மா நெட்டி, உங்கிட்ட யாருமே சொல்லலையா? கோராவை இதே கவுன்லதான் பெட்டியில வெச்சோம்.”

கோரா ஆசையாக வரவழைத்த கவுனாம். பார்சல் வந்த வாரமே படுத்துவிட்டாள், ஒருநாள்கூடப் போடவில்லை. கம்பெனி அதே மாதிரியை இந்த வருடமும் விற்றுக்கொண்டிருந்திருக்கிறது. மின்னாவும் இன்னும் இரண்டு பெண்களும்தான் அவளை அடுப்படி மேசையில் கிடத்தி உடுத்தியிருக்கிறார்கள்.

“உடம்பு விறைச்சுப்போச்சும்மா, கையை மடக்க முடியல. எல்லாருக்கும் செய்யறதுதான். பின்னாடி கழுத்துலேருந்து கீழவரைக்கும் வெட்டிப் பிரிச்சு, முன்னாடி வெச்சுச் சொருகிவிட்டோம். பெட்டிக்குள்ள யாரு பார்க்கப்போறா?”

யார் பார்த்தாள் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பிடரியில் ஒரு சில்லிட்ட விரல் வந்து நின்றது. மெதுவாக இடுப்பு வரை இறங்கியது.

“முழுசா இருக்கு,” என்றாள் வெர்லா என் பின்னாலிருந்து.

“இதை எனக்குன்னு எடுக்கலியா நீ?”

இல்லையென்று தலையாட்டினாள். “அம்மாவுக்கு முதுகு தொறந்திருக்கு. காகிதம் ஒட்டிப் பார்த்தேன். பத்தலை.”

மண்ணுக்குள் கிடப்பவள்மேல் பொறாமைப்பட்டேன். அவளுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க இந்தக் குழந்தை பட்ட கவலையில் கால் பங்குகூட எனக்காக யாரும் பட்டதில்லை. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். மாவுப் பசையில் விரல்நுனியெல்லாம் வெடித்திருந்தது.

பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தேன். மின்னா வாயை ஏப்ரனால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்பாவாடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுப்புப் பக்கத்திலிருந்த கரி அள்ளும் மண்வெட்டியை எடுத்தேன். வெர்லா கவுனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். மொத்தக் கூட்டத்துக்கும் நடுவில் நடந்தோம். ஓரின் எழுந்தார். நீங்க சாப்பிடுங்க என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டம் தேவாலயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. மேல்மண் இளகியிருந்தது, ஒரு சாண் கீழே இன்னும் உறைந்து கிடந்தது. வெட்ட முடிந்த ஆழம் வெட்டினேன்.

“என் அளவுடி. அவங்களுக்குத் தொளதொளன்னு இருக்கும்.”

“பரவால்ல, குளிருக்கு நல்லது. பொத்தான் முன்னாடிதான் இருக்கு. அவங்களே போட்டுக்குவாங்க.”

மண்ணை மூடினோம். வெர்லா குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள். நானும் குனிந்தேன். வயல்வெளிக் காற்றைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போட்டுக்கிட்டாங்க,” என்று எழுந்தாள்.

திரும்பி நடந்தோம். வழக்கம்போல் நான் முன்னால், அவள் பின்னால். கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது கோட்டுக்கு மேல் என் முதுகில் ஒரு கை பட்டது. விரல் இல்லை, முழு உள்ளங்கை.

“சித்தி, உங்களுக்குக் குளிருதா?”

பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. இல்லையென்று சொன்னேன்.