எதிரணிச் சட்டை

கோழித் தொடைகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. வெர்னெட்டா இடது கையால் ஒன்றைப் பிடித்து, எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, ஒரு திருப்பில் சதையை உரித்து எதிரே ஓடும் பட்டையில் போட்டாள். எலும்பு காலடித் தொட்டியில் விழுவதற்குள் அடுத்த தொடை வந்துவிட்டது. வெளியே ஜார்ஜியாவின் செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். ஆலைக்குள்ளோ கையுறையை மீறி விரல் மரத்துப்போகிற குளிர்.

"இன்னைக்கு யுனிவர்சிட்டியில இருந்து டீமுக்குப் பசங்களை எடுக்க ஆளு வர்றாராமே?" என்றாள் பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்த ரோசலின்.

"வேட் வீட்டுப் பையனைப் பாக்க வர்றாரு."

"உன் பையன் கண்ணுல பட மாட்டானாக்கும்?"

"படணும். அதுக்குத்தான் ஷிஃப்ட் முடிஞ்சதும் நானும் ஓடறேன்."

"படலைன்னா என்ன, ஸ்கூல் முடிஞ்சதும் இங்க கூட்டிட்டு வந்துடு. கையும் காலும் நல்லா நீளமா இருக்கு. சூப்பர்வைசர் இப்பவே கேக்கறான்."

"வாயைக் கழுவுடி" என்றாள் வெர்னெட்டா. ரோசலின் சிரித்தாள். வெர்னெட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் லமாண்டுக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. அந்த ஓட்டத்தைப் பார்த்து ஒரு கல்லூரி அவனைச் செலவில்லாமல் சேர்த்துக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் அவனுக்கும் இதே பட்டைதான், இதே கத்திதான்.

ஆனால் லமாண்ட் இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆடக் கூடாது. காரணம், ஒரு ஃப்ரீசர்.

பக்கத்து மாவட்டத்தில் அவள் வேலை பார்த்த ஆலையை மே மாதம் இழுத்து மூடினார்கள். கடைசி நாளன்று ஆளுக்குச் சில பெட்டி கோழிக்கால் கொடுத்து அனுப்பினார்கள், பெரிய மனசு பாருங்கள். அதோடு அவள் தம்பி போன குளிர்காலத்தில் சுட்ட மானின் கறியும் சேர்ந்துகொண்டது. ஃப்ரீசர் மூடியின் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் மூடும். இந்த ஊர் ஆலையில் வேலை கிடைத்ததும், ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து மகனோடு குடிவந்து, அவனை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தாள். கட்டில் ஏறிய படியில் ஃப்ரீசர் ஏறவில்லை. அதை மட்டும் பழைய தகர வீட்டில் விட்டுவிட்டு, கரண்டை நிறுத்தாமல் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போய் அந்த வாரத்துக்கு வேண்டிய கறியை எடுத்து வருவாள். ஒரு குளிர்காலத்துக் கறியை யார் அழுக விடுவார்கள்?

பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. பள்ளி மாறிய பையன் ஒரு வருஷம் அணியில் ஆடக் கூடாது. குடும்பமே நிஜமாக வீடு மாறியிருந்தால் மட்டும் ஆடலாம். பழைய வீட்டை விற்றிருக்க வேண்டும், இல்லை விற்பனைக்குப் போட்டுக் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரனைப் பணக்காரப் பள்ளிகள் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க, ஏழைப் பள்ளிகளைக் காப்பாற்ற வந்த விதி என்றார்கள்.

சங்கத்துக்காக விசாரிக்க வந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், குராஃபோர்ட் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகர வீட்டுக்கே வந்து நின்றார். கறி எடுக்கப் போயிருந்த வெர்னெட்டா கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

"இங்க யாரு தங்கறா, மேடம்?"

"யாரும் இல்ல சார். ஒரு மான் தங்குது, அதுவும் துண்டு துண்டா" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கரண்ட் ஓடுதே."

"ஃப்ரீசருக்குத்தான் சார். நீங்களே திறந்து பாருங்க."

அவர் திறந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. வெர்னெட்டா மான் கறியில் இரண்டு பொட்டலம் எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். "வெங்காயம் போட்டு அடுப்புல மெதுவா வேக விடுங்க சார், பஞ்சா இருக்கும்" என்றாள். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பள்ளிப் பயிற்சியாளர் டில்லர்ட் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, உனக்கு ஏன் இந்த வேலை? அவருக்குப் போய்க் கறியைக் குடுத்திருக்கியே!"

"வீட்டுக்கு வந்தவருக்குக் குடுத்தேன் கோச். அதுல என்ன தப்பு?"

"விசாரிக்க வந்த ஆளை வளைக்கப் பாத்தேன்னு சங்கத்துல சொல்லிட்டாரு. ரெண்டு வீடு வெச்சிருக்கீங்கன்னும் சொல்லிட்டாரு. லமாண்ட் இந்த வருஷம் ஆட முடியாது."

"வாங்கிட்டுப் போனாரே கோச், அதைச் சொன்னாராமா?"



அதே கோடையில் அதே பக்கத்து மாவட்டத்திலிருந்துதான் ஹட்சன் வேடும் இந்தப் பள்ளிக்கு வந்தான். அவன் அப்பா டிரக் விற்கிறவர். மைதானத்தின் ஸ்கோர் பலகையில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஏரிக்கரையில் இருக்கும் மாளிகையை, எந்தப் பைத்தியமும் வாங்காத விலைக்கு விற்பனைக்குப் போட்டார். நீதிமன்றத் தெருவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஒரு சோபாவையும் ஒரு கட்டிலையும் போட்டார். குராஃபோர்ட் ஏரி வீட்டைப் பார்க்க வந்த அன்று மட்டும் கரண்டைத் துண்டித்து, வக்கீலைப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று குராஃபோர்ட் எழுதினார். நீதிமன்றத் தெருவில் அறை பெருக்கப் போகிறவள் ரோசலினின் நாத்தனார்தான். அந்தக் கட்டிலின் மெத்தையில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன?

ஷிஃப்ட் முடிந்ததும் வெர்னெட்டா ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் மைதானத்துக்குப் போனாள். வேலிக்கு உள்ளே திரு. வேடும் பல்கலைக்கழகத்து ஆளும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வேலிக்கு வெளியே நின்றாள்.

வேட் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். "வாங்கம்மா! உங்க பையன் தங்கமான பையன். எங்க ஹட்சனுக்கு நல்ல ஒத்தாசை."

ஒத்தாசைதான். ஆட உரிமை இல்லாத பையன்களுக்கு, அடுத்து மோதப்போகும் எதிரணியின் நிறத்தில் சட்டை மாட்டிவிட்டு, அந்த எதிரணி மாதிரியே ஓடச் சொல்வார்கள். அணிப் பையன்கள் அவர்களைப் பிடித்துத் தள்ளிப் பழகுவார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அணிப் பையன்கள் போவார்கள், இவர்கள் காயத்தோடு வீட்டுக்குப் போவார்கள். லமாண்ட் சிவப்புச் சட்டையில் நின்றான். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன.

விசில் ஊதியது. பந்து கைக்கு வந்ததும் லமாண்ட் இரண்டு பேருக்கு நடுவே புகுந்தான். குறுக்கே வந்த ஹட்சன் பாய்ந்து வெறும் காற்றைக் கட்டிப்பிடித்து மண்ணில் விழுந்தான். இரண்டாவது முறையும் அதேதான். பல்கலைக்கழகத்து ஆள் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"யாரு அந்தச் சிவப்புச் சட்டை?"

வெர்னெட்டா வேலியை ஒட்டி வந்தாள். கர்த்தாவே, பார்த்துவிட்டார்!

"அவனா?" என்றார் வேட். "ஆட முடியாத பையன் சார். வீடு மாறினதுல ஏதோ தில்லுமுல்லு. விசாரணைக்கு வந்தவருக்குக் கறி குடுத்து வளைக்கப் பாத்தாங்களாம்."

"தில்லுமுல்லு ஒண்ணுமில்ல சார்!" வேலியைப் பிடித்துக்கொண்டு வெர்னெட்டா கத்தினாள். "நான்தான் அவன் அம்மா. இங்கதான் வேலை பாக்கறேன், இங்கதான் தூங்கறேன். வந்து பாருங்க."

அந்த ஆள் எழுந்து வேலியருகே வந்தார். அவளுடைய பூட்ஸைப் பார்த்தார். குரலில் மரியாதை இருந்தது.

"நல்லா ஓடறான்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா கடைசி வருஷம் ஒரு ஆட்டம்கூட ஆடலைன்னா நான் மேல போய் எதைக் காட்டறது? போதாக்குறைக்கு இப்படி ஒரு பேரும் இருக்கு. மன்னிச்சுக்கோங்க."

அவர் போய் உட்கார்ந்தார். மைதானத்தில் டில்லர்ட் லமாண்டை வேலி ஓரமாக அழைத்து வந்தார். அவர் குரலைத் தாழ்த்தினாலும் வெர்னெட்டாவுக்குக் கேட்டது.

"டேய், அவரு ஹட்சனைப் பாக்க வந்திருக்காருடா. இந்த வாட்டி வலது பக்கமா வா. கொஞ்சம் மெதுவா வா."

"விழணுமா கோச்?"

"அணிக்காகக் கேக்கறேன். தெற்கே ஒரு சின்னக் கல்லூரியில எனக்கு ஆள் இருக்கு. உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்."

லமாண்ட் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தான். அந்தச் சின்னக் கல்லூரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. டில்லர்ட் சொல்வாரா, மாட்டாரா என்பதும் தெரியாது. கையில் இருந்தது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். பாழாய்ப்போன தலை, அவளை மீறி ஆடியது. போ என்று ஆடியது.

விசில் ஊதியது. லமாண்ட் வலது பக்கமாக வந்தான். அவன் கால் தயங்கியதை வெர்னெட்டா பார்த்தாள். ஹட்சன் முழு வேகத்தில் வந்து அவன் விலாவில் மோதினான். தூக்கி அடித்த மாதிரி மல்லாந்து விழுந்தான் லமாண்ட். ஓரத்தில் நின்ற அப்பாக்கள் கைதட்டினார்கள். பல்கலைக்கழகத்து ஆளும் தலையசைத்துக் கைதட்டினார்.

வேட் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கோச், இன்னொரு தடவை ஓடச் சொல்லுங்க. ஹட்சன் முகம் சரியா விழல."

லமாண்ட் எழுந்து, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, சிவப்புச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஓட்டம் ஆரம்பிக்கிற இடத்துக்கு நடந்தான்.