கூப்பிட்ட குரலுக்கு

துணியைக் கணவரின் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். நிற்கவில்லை. முடியில் வழுக்கியது. அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

“உயிரோட இருந்தப்பவே வாயைத் திறக்காத மனுஷன்,” என்றாள் தங்கை, தலையைப் பிடித்துக்கொண்டே. “இப்பவா திறந்திடப் போறாரு?”

“கட்டலைன்னா தொங்கிடுமாம். டாக்டர் சொன்னார்.”

“அப்ப இறுக்கிக் கட்டு. இந்த நேரம் பார்த்துப் பேச ஆரம்பிச்சிடப் போறாரு.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்து சமாளித்தார்கள்.

காலையில் ஷூ போட உட்கார்ந்தவர். ஒரு கால் போட்டாயிற்று. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். வீட்டில் சத்தமே இல்லை. இரண்டே பேர் இருந்த வீட்டில் அது ஒரு செய்தி அல்ல. தேநீர் ஆறிய பிறகுதான் எட்டிப் பார்த்தாள்.

மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் அவர் ஷிப்ட் இன்ஜினியர். நாடு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறதோ அவ்வளவையும் அந்தந்த நொடியில் யாராவது உற்பத்தி செய்து தர வேண்டும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. எந்த நிலையம் எவ்வளவு ஏற்ற வேண்டும், எது இறக்க வேண்டும் என்று போனில் சொல்வது அவர் வேலை. ஷிப்ட் முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வந்து சேரும்போது வாயில் ஒன்றும் மிச்சம் இருக்காது. ஊருக்கெல்லாம் படியளந்துவிட்டு வெறும் மரக்காலோடு வருகிறவர் என்று அவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவளுக்குத் தெரியாத ஆட்கள்.

முதலில் வந்தவர் வாசலிலேயே நின்று கைகூப்பினார். நல்ல சிவப்பு. “நான் கரிங்க,” என்றார்.

தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அனல் மின் நிலையம். சார் அப்படித்தான் கூப்பிடுவார். என்ன கரி, எழுந்தாச்சா, அப்படீன்னு. பதினஞ்சு வருஷத்துல எங்கப்பா வச்ச பேரே எனக்கு மறந்துபோச்சு.”

அவருக்குப் பின்னால் பெருத்த உடம்புக்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்து, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். கரிக்காரர் சட்டென்று திரும்பினார்.

“நீங்க காத்துதானே?”

பெருத்தவர் விழித்தார். பிறகு முகம் மாறியது. “கரியண்ணனா?”

“உன்னாலதானேய்யா ராத்திரி ராத்திரி என்னை இறக்கச் சொல்வாரு. காத்து வந்துடுச்சு, நீ கீழே போ, கீழே போன்னு.”

“நான் என்ன பண்றது. அது அடிச்சா அடிக்குது.”

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷம் ஒரே போன் லைனில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். இன்றுதான் முகம் பார்க்கிறார்கள். சாவு வீட்டில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கப்பட்டுக் கையை விட்டார்கள்.

“காத்துன்னா கொஞ்சம் காத்தாட்டம் இருக்க வேண்டாமாக்கா?” என்று தங்கை அவள் காதில் சொன்னாள். “சோபா தாங்குமா?”

அணு நிலையத்திலிருந்து யாரும் வரவில்லை. பூ மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு யாரும் அங்கே இங்கே நகர முடியாதாம்.

அவள் கால்மாட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் இப்படிக் கிண்டல் பண்ணுவார், சார் இப்படிக் கோபப்படுவார் என்று சொல்லிக்கொண்டார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று இருந்தது. ஆளாளுக்கு ஒரு பிடி அள்ளி வைத்திருந்தார்கள். ஆனால் அவள் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்டபோதும் நிமிர்ந்தாள். வருவாளா என்று பார்த்தாள்.

ஒரே ஒரு நாள் அவர் அவளிடம் நிறையப் பேசியிருக்கிறார். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த நாள். முதலில் பிதற்றுகிறார் என்றே நினைத்தாள்.

“அணு இருக்கே, அது பெரிய வீட்டு அடுப்பு. ஏத்தினா நினைச்சப்ப அணைக்க முடியாது, அது பாட்டுக்கு எரியும். கரி சொன்னா கேட்கும். ஆனா இப்ப சொன்னா மத்தியானம் கேட்கும். காத்து மாப்பிள்ளை மாதிரி. எப்ப வருவீங்கன்னு கேட்க முடியாது, வந்தா கவனிச்சுத்தான் ஆகணும்.”

“வெயிலு?”

“ஆபீஸ் கிளார்க். சாயங்காலம் ஆனா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடும். ஊரே வீட்டுக்கு வந்து லைட்டு போடுறதும் அப்பத்தான்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“அணையைக் கூப்பிடுவேன். தண்ணி மட்டும்தான் கூப்பிட்ட குரலுக்கு வரும்.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததைக் காய்ச்சல் என்று அவளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

“அணையில யாரு?”

“ஒரு அம்மா.”

“எப்படி இருப்பாங்க?”

“தெரியாது. பார்த்ததில்ல.”

அவள் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பொருமுறை அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர். எதிரே சுவர் நிறைய நாட்டின் படம், அதில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பல் எல்லாம் தெரிந்தது. கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

இரவு, “யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?” என்று கேட்டாள்.

“அணை,” என்றார்.

அதற்கப்புறம் தினமும் பொழுது சாயும் நேரத்தில் கூடத்தில் வந்து உட்காருவாள். வெயில் சுவரில் ஏறுவதைப் பார்ப்பாள். இந்நேரம் கூப்பிட்டிருப்பார், இந்நேரம் அவள் எடுத்திருப்பாள். அவளுக்கு ஒரு பேரும் வைத்தாள். அணைக்காரி. உயரமாக, நீண்ட பின்னலோடு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பேசுகிறவளாக. ஒருமுறை வீட்டில் அவர் போன் ஸ்பீக்கரில் கிடந்தபோது அந்தக் குரலைக் கேட்டுமிருக்கிறாள். அகலமான குரல். அவசரமே இல்லாதது. அப்படி ஒரு குரலுக்கு எந்த உடம்பும் பொருந்தும்.

நாலு மணிக்கு மேல் ஒரு பெண் வந்தாள். குள்ளம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். தங்கை அவளை ஆம்புலன்ஸோடு வந்தவள் என்று நினைத்து, “வண்டியை முன்னாடி கொண்டாரச் சொல்லும்மா,” என்றாள். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் இருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு குனிந்து, கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியை, மூக்கை, தாடைக்கட்டை. நெடுநேரம் பார்த்தாள்.

“இவர்தானா?” என்று தங்கையிடம் கேட்டாள்.

“பின்னே? செத்தவரை விட்டுட்டு யாரைப் படுக்க வைப்போம்?”

அவள் கால்மாட்டிலிருந்து எழுந்தாள். அந்தக் குரல்.

கரிக்காரரும் காற்றுக்காரரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “அணையம்மா,” என்றார் காற்றுக்காரர்.

ஆக, பார்த்ததில்லை என்பது உண்மை. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் பார்க்காமலே அப்படிச் சிரித்தாரா என்றுதான் தோன்றியது.

“இப்படி வந்து உட்காருங்க,” என்று தன் பக்கத்தில் இடம் காட்டினாள்.

“இங்க உட்கார்றேன். சரி,” என்று அணைக்காரி உட்கார்ந்தாள்.

“டீ குடிங்க முதல்ல. ரொம்ப தூரத்திலேருந்து வர்றீங்க.”

“டீ குடிக்கிறேன். சரி.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. களைத்த முகம்தான்.

“ஒண்ணு கேட்கணும் உங்ககிட்ட,” என்றாள். எத்தனையோ வருஷம் வைத்திருந்த கேள்வி. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “அவர் உங்ககூடப் பேசும்போது சிரிப்பாரு இல்ல? என்ன சொல்லுவீங்க?”

அணைக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். “தினமும் ஒரே பேச்சுதாங்கா. சாயங்காலம் கூப்பிடுவார். தண்ணி இருக்கான்னு கேட்பார். எங்க, உங்க வீட்டுக் குழாயிலயா, என் அணையிலயான்னு கேட்பேன். சிரிப்பார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம் எவ்வளவு ஏத்தணும்னு சொல்வார். ஏத்துவேன்.”

“தினமுமா சிரிப்பாரு?”

“தினமும்.”

காசுக்குப் பெறாத நகைச்சுவை. அதை அவளே சொல்லியிருக்கலாம். தண்ணீர் இருக்கிறதா என்று இந்த வீட்டிலும்தான் கேட்டிருக்கிறார். அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அணைக்காரி மறுபடியும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முழிச்சிருக்கும்போது எப்படிக்கா இருப்பார்?”

அடுத்த அறையில் அலமாரிக்குள் இரண்டு ஆல்பம் இருந்தது. கடற்கரையில் கண்கூசச் சிரிக்கிற படம் ஒன்று, முதல் பக்கத்திலேயே.

“இப்படித்தான் இருப்பாரு,” என்றாள்.

“இப்படித்தான். சரி.”

“நீங்க எதுக்கு நான் சொல்றதையெல்லாம் திருப்பிச் சொல்றீங்க?” கேட்டபோது குரல் கொஞ்சம் கூடிவிட்டது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அணைக்காரி கூச்சத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டாள். “பழக்கதோஷம். ஆர்டர் வாங்கினா திருப்பிச் சொல்லணும்கா. ஐம்பது ஏத்துன்னா, ஐம்பது ஏத்துறேன். அப்பத்தான் காதுல சரியா விழுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். தப்பா கேட்டுட்டு வேற எதையாவது திருப்பி விட்டா ஊரே இருண்டு போயிடும். எங்க வீட்டுல பிள்ளைங்க இதுக்காகவே என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல.”

அவள் அணைக்காரியின் வாயையே பார்த்தாள்.

அரிசி தீர்ந்துடுச்சு என்பாள். அரிசி வாங்குறேன், சரி என்பார். நாளைக்குச் சீக்கிரம் வாங்க என்பாள். நாளைக்குச் சீக்கிரம் வர்றேன், சரி. அந்தக் காய்ச்சல் நாளை விட்டால் அந்த வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் அவள் சொன்னதையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். கிளிப்பிள்ளையா நீங்க, உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாதா என்று கத்தியிருக்கிறாள். ஒருமுறை தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள். தட்டைப் பொறுக்குங்க என்று அவளேதான் சொன்னாள். தட்டைப் பொறுக்குறேன், சரி என்று பொறுக்கினார்.

“அவரும் அப்படித் திருப்பிச் சொல்லுவாரா?” என்று மெதுவாகக் கேட்டாள். “உங்ககிட்ட?”

“சாரா?” அணைக்காரி லேசாகச் சிரித்தாள். “அவர் எதுக்குச் சொல்லணும்? அவர் ஆர்டர் குடுக்கிறவர். நாங்கதான் வாங்குறவங்க. அவர் வாயால ஒரு தடவைகூட நான் கேட்டதில்லக்கா.”

“ஒரு தடவைகூட?”

“ம்ஹூம்.”

அவள் தலையை ஆட்டினாள். அப்படியானால் அந்தச் ‘சரி’ இந்த வீட்டில் மட்டும்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். தங்கையின் வீட்டுக்காரர் தலைமாட்டில், கரிக்காரரும் காற்றுக்காரரும் ஆளுக்கொரு பக்கம். ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. “கொஞ்சம் இறங்குங்கண்ணே,” என்றார் காற்றுக்காரர். “இங்கயும் நான்தானா இறங்கணும்?” என்றார் கரிக்காரர். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது அவருக்கு. படியில் சமன் செய்துகொண்டு இறங்கினார்கள். வண்டி போயிற்று.

வீட்டில் பெண்கள் மூவரும் மிஞ்சினார்கள். ஆண்கள் திரும்பி வந்தால்தான் அணைக்காரிக்கு ஊர் போக வண்டி. கூடம் பெரிதாகிவிட்டது. நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. வெயில் சுவரின் மேல் விளிம்புக்கு ஏறியிருந்தது.

“இந்த நேரந்தானே உங்களைக் கூப்பிடுவாரு?” என்றாள்.

“இந்த நேரந்தான்.”

“இன்னிக்கு?”

“அவர் சீட்டுல வேற ஒருத்தர். என் சீட்டுல வேற ஒருத்தி. கூப்பிட்டிருப்பாங்க.”

தெருவிளக்குகள் எரிந்தன. எதிர்வீட்டில் டிவி ஓடத் தொடங்கியது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அந்த நாற்காலியெல்லாம் ஓரமாப் போடுங்க,” என்றாள்.

தங்கை எழப் போனாள். “நீ இரு,” என்று அவள் தடுத்தாள்.

அணைக்காரி கையூன்றி எழுந்தாள். “நாற்காலியை ஓரமாப் போடுறேன். சரி.”

போட்டாள்.

“அந்த டம்ளர்களை உள்ளே வைங்க.”

“டம்ளரை உள்ளே வைக்கிறேன். சரி.”

“கொசு வருது. ஜன்னலைச் சாத்துங்க.”

“ஜன்னலைச் சாத்துறேன். சரி.”

“என்னக்கா இது,” என்று தங்கை கிசுகிசுத்தாள். “வந்தவங்களைப் போட்டு வேலை வாங்குறே. பாவம், முட்டி வலிக்காரி. நான் செய்ய மாட்டேனா?”

அவள் காதில் வாங்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சாத்த வேண்டியது சாத்தியாயிற்று. எடுத்து வைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அணைக்காரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றிருந்தாள்.

“புழுங்குது,” என்றாள் அவள். “ஜன்னலைத் திறங்க.”

அணைக்காரி இப்போதுதான் சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். தாங்கித் தாங்கி நடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“ஜன்னலைத் திறக்கிறேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு மீதி ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.