உன்சோல் உற்றுப் பார்த்த முகங்கள்

உன்சோல் நகை வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்த மாதத்தில், கொரியாவின் இக்சான் நகரத்தில் இருக்கும் எங்கள் சந்தையின் கத்தாழை மீன்களுக்குச் செதில் இல்லாமல் போனது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கல்லூரிக்குப் போகிற வழியில் அவள் மீன்கடை முன்னால் நின்று, இதை வெள்ளியில் எப்படி அடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மீன்களை உற்றுப் பார்த்தாள். செதில்கள் அவள் விரல்களுக்குள் போய்விட்டன, மீன்கள் மொட்டையாகக் கிடந்தன. அன்று மத்தியானம் பட்டறையில் ரம்பத்தை எடுத்ததும் வரையாமலே அத்தனை செதிலும் தகட்டில் வந்து இறங்கின. "இயற்கையிலிருந்து எடுங்கள்" என்று பேராசிரியர் பியோ முதல் வகுப்பில் சொல்லியிருந்தார். எல்லாப் பேராசிரியர்களும் சொல்வதுதான். ஒருத்தி உண்மையிலேயே எடுத்துவிடுவாள் என்று பாவம் அவர் எதிர்பார்க்கவில்லை.

மீன்கடை ஓக்புன் கத்தியும் கையுமாக எதிர்ச் சாரியில் இருந்த தொடுகறிக் கடைக்கு வந்தாள். அது உன்சோலின் அம்மா பில்சுன் நடத்திய கடை. "உன்சோல் அம்மா, உன் பொண்ணு முறைச்சுட்டுப் போனதும் என் மீனெல்லாம் வழுக்கையாயிடுச்சு. இத எவன் வாங்குவான்?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். சாயங்காலத்துக்குள் மீன் அத்தனையும் விற்றுவிட்டது, செதில் உரசும் வேலையும் மிச்சம். மறுநாள் அவளே வந்து, "பொண்ண நாளைக்கும் அனுப்பு, அப்படியே கணவாய்த் தோல் பக்கமும் கொஞ்சம் பார்க்கச் சொல்லு" என்றாள். எங்கள் சந்தையில் அதிசயத்துக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது.

நகை படிக்கிறவள் எதைப் பார்த்தாலும் நகையாகத்தான் பார்ப்பாள், அதற்கு மருந்து இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸ் நரம்பில்லாமல் காகிதம் போல வந்து கிம்ச்சி ஊறுகாய் போட்டவர்கள் எல்லாரும் சபித்தார்கள். பேருந்து நிறுத்தத்துத் தரையோடுகளில் பூ வேலைப்பாடு காணாமல் போனது. கல்லூரியிலோ ஒவ்வொரு நகைக்கும் உத்வேகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும், நகையைவிட கட்டுரைக்குத்தான் மதிப்பெண் அதிகம். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு உத்வேகம் 'வெறுமை'. நடுவில் பெரிய ஓட்டையாக வைத்துவிட்டால் வெள்ளியும் மிச்சம், கருத்தும் ஆழம். ஜெர்மனியில் படித்து வந்த பியோ அந்த ஓட்டைகளின் வழியாக வெகுநேரம் பார்த்துத் தலையாட்டுவார். உன்சோல் 'கத்தாழை மீன்' என்று எழுதிக் கொடுத்தால் அவர் முகம் சுளிப்பார்.

அடுத்த வருடம் ஓக்புன் பேரம் பேசிச் சிரித்தபோது அவள் கண்ணோரச் சுருக்கங்களை உன்சோல் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டாள். அது ஒரு ஜோடித் தோடாயிற்று, ஓக்புனுக்குப் பத்து வயது குறைந்தது. அதன் பிறகு உன்சோல் சந்தைக்குள் நடக்க முடியவில்லை. பெண்கள் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வழியில் உட்கார்ந்துகொண்டு கலைக்காகத் தங்களை அர்ப்பணித்தார்கள். "என் கழுத்தப் பாரு கண்ணு, எப்படிக் கோடு கோடா இருக்கு, இதவிடவா கலை வேணும்?" என்று சோயா கடைக்காரி முண்டியடித்தாள். தோல் மருத்துவமனைக்காரர் நகராட்சியில் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி தன் நெற்றிக் கோடுகளைக் கொடுத்துவிட்டு, புகாரில் உண்மை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். கோடுகளெல்லாம் வளையலாகவும் மோதிரமாகவும் மாறின, இருபது வயதுப் பெண்கள் பக்குவமாகத் தெரிய வேண்டும் என்று அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

சந்தையில் சுருக்கத்தோடு மிஞ்சியவள் பில்சுன் ஒருத்திதான். இரண்டு புருவங்களுக்கு நடுவில் அவளுக்கு ஆழமான ஒரு மடிப்பு உண்டு. உன்சோல் பேசக் கற்கும் முன்பே படிக்கக் கற்றது அதைத்தான்: அது ஆழமானால் அடி விழும், இளகினால் முட்டை பொரித்துக் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. பார்த்தால் போய்விடும் என்ற பயம். கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டாள், சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். படித்த திமிர் என்று பில்சுன் நினைத்துக்கொண்டாள், அது அவளுக்கு நிஜமாகவே வலித்தது. போதாததற்கு, வாடிக்கையாளர்கள் அவளைவிட மூத்த ஓக்புனை 'அக்கா' என்றும் அவளைப் 'பெரியம்மா' என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசி வருடம் பியோ அவள் செய்த எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினார். "எல்லாம் நல்ல வேலைதாம்மா. ஆனா ஊர்க்காரங்க முகம். உன்னோடது எங்க?" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான சொல் அது. உன்சோலிடம் காட்ட வேறெதுவும் இல்லை, கடைசி வருடக் கண்காட்சிக்கு ஒன்றும் வைக்காவிட்டால் பட்டமும் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பில்சுன் விஷயத்தைக் கறந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்து முகத்தை நீட்டினாள்.

"சந்தையில இருக்கிறவ மூஞ்சியெல்லாம் பார்க்கிற, பெத்தவ மூஞ்சி மட்டும் கசக்குதா? பாருடி. ஓசியிலதான தர்றேன்."

"அது போயிட்டா நீ கோவமா இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கோவமா இருந்தா கரண்டியால அடிப்பேன். தெரிஞ்சுக்க."

உன்சோல் பார்த்தாள். நாலு வருடப் பசியோடு பார்த்தாள், மடிப்பு போய்விட்டது. மெழுகில் செதுக்கி, வெள்ளியில் வார்த்து, அரம் போட்டு, பின்னால் ஊசி பற்றவைத்து நெஞ்சில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சாக்கினாள். பில்சுனின் நெற்றி டோஃபு மாதிரி வழவழவென்று ஆனது. அன்றிரவே அவள் கண்ணாடி முன் நின்று பாட்டுப் பாடினாள். உன்சோல் அந்த நெற்றியைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கோ வந்துவிட்டவள் மாதிரி ஓரமாகப் படுத்துக்கொண்டாள். பட்டறையில் அந்த ப்ரூச்சைத் தொட்டுத் தொட்டு அழுதாள் என்று அவளுடன் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

கண்காட்சியில் பியோ அந்த ப்ரூச்சின் முன்னால் நின்று, காரணமே இல்லாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். உத்வேகக் கட்டுரையில் 'அம்மா' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கட்டுரை மோசம் என்றார், பட்டம் கொடுத்தார். பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற பில்சுன் தன் வழவழப்பான முகத்தை எல்லாரிடமும் காட்டிவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"சரி, படிப்பு முடிஞ்சுது. வேலைக்கு எப்பப் போற?"

"வேலை இல்லம்மா. இன்னும் ரெண்டு வருஷம் மேல படிக்கலாம்னு இருக்கேன்."

"என்ன படிக்கப் போற?"

"இதையேதான்."

விருந்தினர் அத்தனை பேரும் பார்க்க, மடிப்பு திரும்பி வந்தது. பழையதைவிட ஆழமாக, கூடவே ஒரு கிளைக் கோட்டோடு. உன்சோல் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சும்மா, வந்துருச்சு!" என்று அழுதாள்.

"எது, உனக்குப் புத்தியா?" என்றாள் பில்சுன்.

இப்போது உன்சோல் தினமும் அம்மாவை நேராகப் பார்த்துச் சாப்பிடுகிறாள். காலையில் அவள் பார்வை பட்டு மடிப்பு போய்விடும். பகலெல்லாம் பில்சுன் அக்காவாக வியாபாரம் செய்வாள். சாயங்காலம் மகளின் கல்யாணப் பேச்சோ சம்பளப் பேச்சோ எடுத்ததும் அது வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்த்த பிறகுதான் உன்சோலுக்குச் சோறு இறங்கும்.