தூங்கும் போர்டு

வேதா பையிலிருந்து பவர் பேங்கை எடுத்து வைத்ததுமே மாரீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது, இது தொடர்ந்து ஓடாது என்று.

மம்சாபுரத்தில் வேலுசாமியின் மாந்தோப்பு அது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தைப் பார்த்து போனுக்குத் தகவல் அனுப்பும் சின்ன சர்க்யூட் போர்டைக் காட்டப்போகிறார்கள் என்று, பக்கத்துத் தோப்புக்காரர்களையும் வரவழைத்திருந்தார். வேதாவுக்கு மோட்டார் ரூமிலிருந்து நாற்காலி வந்தது. போன வருஷம் இதேபோல ஒன்றை மாரீஸ்வரி கொண்டுவந்தபோது, "பொறவு பாப்போம்மா" என்று நிற்கவைத்தே அனுப்பியவர் இவர்தான்.

இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். வேதா ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தே இதையெல்லாம் செய்கிறாள். மாரீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. துணைக்கு வா என்று வேதா கூப்பிட்டபோது மறுக்க வாய் வரவில்லை. வந்த பிறகு அந்த நாற்காலியைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

வீட்டில் லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில் மாட்டித்தான் வேதா சோதித்திருப்பாள். லேப்டாப் கரண்டைத் தந்துகொண்டே இருக்கும். பவர் பேங்க் அப்படியில்லை. தகவலை அனுப்பியதும் போர்டு தூங்கிவிடும். தூக்கத்தில் அது இழுப்பது துளிக் கரண்ட். எதுவுமே மாட்டியில்லை என்று பவர் பேங்க் தானாக அணைந்துகொள்ளும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு மாரீஸ்வரி கண்டுபிடித்தது அது. சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் மூணு வாரம் கெடந்தேன்ல, இவளும் கெடக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

முதல் தகவல் வேலுசாமியின் போனுக்கு வந்தது. "கெட்டிக்காரப் புள்ளதான்" என்றார். வேதா மரத்தடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. போன் கம்மென்று கிடந்தது.

"எம்புட்டு நேரந்தான் நிக்கது?" யாரோ சிரித்தார்கள்.

வேதாவின் காதுகள் சிவந்தன. வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். மாரீஸ்வரிக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவள் மூக்கை உறிஞ்சும் வரைக்கும்.

"தள்ளுட்டி" என்றாள் மாரீஸ்வரி. தன் பையில் கிடந்த மூன்று பென்சில் பேட்டரி போட்ட டப்பாவை எடுத்து வயரை மாற்றிக் கொடுத்தாள். அது தானாக அணையாது. போன் ஒலித்தது. அடுத்த நிமிடமும் ஒலித்தது.

"முப்பது செஞ்சு குடும்மா" என்றார் வேலுசாமி, வேதாவைப் பார்த்து.

வேதா தோழியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "எப்படிடி கண்டுபிடிச்சே?"

"இதென்ன, பாத்ததுமே தெரிஞ்சிருச்சு." பெருமை முந்திக்கொண்டது.

"பாத்ததுமேவா?"

வேதாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. அதற்குள் போன் நம்பர் கேட்டு ஆட்கள் வேதாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தோள்களின் இடுக்கில் அவள் முகம் ஒரு கணம் தெரிந்தது. நம்பரைச் சொல்லிக்கொண்டே இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரியின் மணிக்கட்டில் அந்த விரல்களின் வேர்வை இன்னும் காயவில்லை.